குத்தூசியில் ஒரு துளை

தம்பிக்காரரிடம் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு கத்திகள் இருந்தன. அத்தனையும் பழைய சுவிஸ் மடக்குக் கத்திகள். ஆனால் அந்த வீட்டில் வெங்காயம் நறுக்க ஒரு நல்ல கத்தி கிடையாது என்று அவர் மனைவி புலம்புவது பொய்யில்லை.

அவரைத் தம்பிக்காரர் என்றே சொல்லிவைப்போம். மனுஷன் மற்ற உறவுகளில் எல்லாம் சுமாராகத் தேறியவர்தான். கணவனாகவோ அப்பாவாகவோ அவரைப் பற்றிக் கோள் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. தம்பியாகத்தான் கெட்டார்.

தொழில் பல் செட் செய்வது. ஒரு பல் லேபில் முப்பது வருஷமாக உட்கார்ந்து பக்கத்துப் பல்லின் நிறம், தேய்மானம், வெற்றிலைக் கறை உட்பட எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து ஒட்டுப்பல் செய்வார். வாயைத் திறந்து காட்டினாலும் எது முளைத்தது, எது மாட்டியது என்று சட்டென்று சொல்ல முடியாது. அந்தக் கண்ணைத்தான் கத்திகளுக்கும் கொடுத்திருந்தார். நமக்கு எல்லாம் ஒரே சிவப்புப் பிடி, ஒரே வெள்ளைச் சிலுவை. அவருக்கு அப்படியா? இதில் சிலுவையைச் சுற்றியிருக்கும் கேடயத்தின் ஓரம் மெலிசு, அதில் தடிப்பு. இதில் நகம் வைத்து இழுக்கும் பள்ளம் நீளம், அதில் குட்டை. இதில் கார்க் திருகிக்கு நான்கு சுற்று, அதில் ஐந்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கத்திகளை வெள்ளைத் துணியில் அருகருகே வைத்து லென்ஸோடு குனிந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் நிமிர்வார். “நான் மூக்குக்கண்ணாடி மாத்தி நாலு மாசம் ஆச்சு. உங்களுக்குத் தெரியுமா?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை.

இந்தக் கத்திப் பைத்தியங்கள் உலகம் முழுக்க நானூறு சொச்சம் பேர் இருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அலகில் அடித்திருக்கும் இன்ன முத்திரை இன்ன வருஷம் வந்தது என்பதற்காகக் கடிதத்திலேயே சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று குத்தூசியைப் பற்றியது. கத்தியின் முதுகுப் பக்கம் மடிந்திருக்குமே, தோலில் ஓட்டை போடுகிற சின்ன ஊசி, அதுதான். முதலில் அது வெறும் ஊசியாக இருந்தது. பிறகு நூல் கோத்துத் தைக்கவும் உதவட்டும் என்று அதில் ஒரு துளை வைத்தார்கள். ஒரு குறிப்பிட்ட அளவுக் கத்தியில் அந்தத் துளை எப்போது வந்தது? சேகரிப்பாளர்களின் கையேடு ஒரு வருஷத்தைச் சொன்னது. இல்லை, அதற்கு இரண்டு வருஷம் முந்தியே வந்துவிட்டது என்று நிரூபித்தவர் நம் தம்பிக்காரர். இரண்டே வருஷம். சிரிக்காதீர்கள், அந்த நானூறு பேருக்கு அது பெரிய விஷயம்.

நிரூபித்தது அப்பாவின் கத்தியை வைத்து. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். யாரோ ஒரு கப்பல்காரன் கொடுத்த சிவப்புக் கத்தியைச் சாகும்வரை இடுப்பை விட்டு இறக்கவில்லை. அவர் போனபோது தம்பிக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. கத்தி அண்ணனிடம் போனது. அண்ணன் லிஃப்ட் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்து மெக்கானிக்காகி ஓய்வு பெறும்வரை அது அவருடைய வேலைப் பையில் கிடந்தது. வீட்டில் அதற்குப் பெயரே ‘அப்பா கத்தி’. அதன் குத்தூசியில் துளை இருந்தது. அப்பா செத்த வருஷமோ கையேடு சொன்ன வருஷத்துக்கு இரண்டு வருஷம் முந்தியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

தம்பிக்காரர் கட்டுரை எழுதினார். சேகரிப்பாளர்களின் பத்திரிகையில் அது வந்தது. அதில் ஒரு இடம் எல்லோரையும் உருக்கிவிட்டது. பள்ளிக்கூடப் பையின் வார் அறுந்து அவர் அழுதுகொண்டு வந்த ஒருநாள், அப்பா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, குத்தூசியின் துளையில் சணல் நூலைக் கோத்து வாரைத் தைத்துக் கொடுத்தாராம். தைத்து முடித்ததும், கையில் கத்தியை வைத்துக்கொண்டே நூலைப் பல்லால் கடித்து அறுத்தாராம். முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் கண்ணீர் வந்தது என்று பதில் எழுதினார்கள்.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. நான்கு வருஷத்துக்கு முன், படம் எடுக்க வேண்டும் என்று சொல்லி அண்ணனிடமிருந்து கத்தியை ஒரு வாரம் வாங்கிப்போனவர் திருப்பிக் கொடுத்தது வேறு கத்தி. அதே அளவு, அதே பிடி, முத்திரை மட்டும் பிந்தையது. லிஃப்ட் மெக்கானிக் எங்கே முத்திரையை லென்ஸ் வைத்துப் பார்க்கப்போகிறார்! லேபில் நான்கு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாலிஷ் சக்கரத்தில் பிடியைத் தேய்த்தார். அண்ணன் கத்தியில் இருந்த கீறல்களை எண்ணி அந்தந்த இடத்தில் அதே ஆழத்தில் கீறினார். ஸ்க்ரூட்ரைவர் முனையையும் அதே அளவுக்குத் தேய்த்தார். அண்ணன் வாங்கித் திறந்து மூடிப் பார்த்தார். “படம் நல்லா வந்துச்சா?” என்று கேட்டுவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். கேட்டிருந்தால் அண்ணன் கத்தியைச் சும்மாவே கொடுத்திருப்பார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இந்த மனுஷனுக்கு.

இப்போது கையேட்டின் புதிய பதிப்பு வரப்போகிறது. அதன் ஆசிரியர் கடிதம் எழுதியிருந்தார். வருஷத்தைத் திருத்தப்போகிறோம், கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயரைப் போடுவோம், ஆனால் ஒரு நிபந்தனை. அப்பா சாகும்வரை அவரிடம் இருந்த கத்தி இதுதான், அதன் பிறகு என்னிடம் இருந்தது என்று அண்ணன் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடுவதில்லை. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்ற தம்பிக்காரருக்கு அண்ணி கதவைத் திறந்து, தண்ணீர் கொடுத்துவிட்டு டீ போட உள்ளே போனாள். அண்ணன் ஜன்னலோரம் ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னடா திடீர்னு? உக்காரு.”

“ஒரு கையெழுத்து வேணும்ணா. ஒரு நிமிஷ வேலை.”

“சொத்து எதையும் எழுதி வாங்கிடாதே. இந்த மிக்ஸிகூடப் பக்கத்து வீட்டுக்காரங்களோடது.”

தம்பிக்காரர் சிரித்தார். வாக்குமூலத்தை எடுத்து நீட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணனும் பெருமைப்படட்டும் என்று கட்டுரையையும் அவருக்குப் புரிகிற பாஷையில் உட்கார்ந்து எழுதி எடுத்துவந்திருந்தார். அதையும் கொடுத்தார்.

அண்ணன் வரிக்கு அடியில் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தில், பையின் வார் வருகிற இடத்தில் விரல் நின்றுவிட்டது. திரும்ப மேலே போய் மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது.

“இது யாரு தைச்சதுன்னு எழுதியிருக்கே?”

“அப்பாதாண்ணா. நேத்து நடந்த மாதிரி கண்ணு முன்னாடி நிக்குது. பல்லால நூலைக் கடிச்சார் பாரு, அதுதான் மறக்கவே மாட்டேங்குது.”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். “அது நான்டா.”

“இல்லண்ணா…”

“அப்பா போய் ரெண்டு வருஷம் இருக்கும். நீ அஞ்சாவது படிச்சே. பச்சைப் பை. வேலைக்குக் கிளம்பிக்கிட்டிருந்தவன் செருப்பைக் கழட்டிட்டு உக்காந்து தைச்சேன். அன்னிக்கு லேட்டாப் போய் சூப்பர்வைசர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். அப்பாவுக்கு எங்கேடா தைக்கத் தெரியும்? சட்டைப் பொத்தான் அறுந்தாகூட அம்மாகிட்டதான் தூக்கிட்டு வருவார்.”

தம்பிக்காரர் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். “சரி, தைச்சது நீயாவே இருக்கட்டும். கத்தி அப்பாவோடதுதானே. அது போதும்.”

“கத்தியும் அப்பாவோடது இல்ல.”

சமையலறையில் டீ கொதிக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

“அப்பா கத்தி ஒரு கட்டடத்துல ஆறாவது மாடித் தரைக்குள்ள கிடக்கு. கான்கிரீட் போட்ட அன்னிக்குக் கையிலேர்ந்து நழுவி ஈரத்துல விழுந்துடுச்சு. கம்பியை விட்டுத் துழாவினேன். மேஸ்திரி, தள்ளுடா தள்ளுடான்னு மேலேயே கொட்டிட்டான். அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? நான் வேலை முடிஞ்சு வந்ததும் பைக்குள்ள கையை விட்டு அதைத் தொட்டுப் பாப்பாளே, ஞாபகம் இருக்கா? கடை கடையா ஏறி இறங்கி அதே மாதிரி ஒண்ணு வாங்கினேன். புத்தம் புதுசு. பிடியைச் செங்கல்லுல தேய்ச்சு, டீத்தூள் தண்ணியில ஊறப்போட்டுப் பழசாக்கினேன். அப்பா கத்தியில ஊசி வெறும் ஊசிதான். இதுல துளை இருந்துச்சு. அம்மா அதைப் பாத்துடுவாளோன்னு எத்தனை நாள் பயந்து செத்தேன் தெரியுமா?”

தம்பிக்காரருக்குக் கணக்குப் போட ஒரு நொடிகூட ஆகவில்லை. அப்பா போன வருஷத்தோடு இரண்டு. கையேடு சொன்ன அதே வருஷம். கையேடு ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. தன் கையிலிருந்த கத்தியே அதற்குச் சாட்சி. அப்பாவை நம்பி அதைப் பொய்யாக்கியவர் இவர்தான். ஐம்பது வருஷம் கழித்துத் தெரிகிறது, தனக்கென்று அப்பாவைப் பற்றி இருந்த ஒரே ஞாபகமும் அண்ணனுடையது என்று. எந்த மனுஷனுக்கும் அதுதான் முதலில் வலித்திருக்க வேண்டும். இவருக்கு முதலில் வலித்தது வெள்ளிக்கிழமை.

“இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? நான் ஊரு உலகத்துக்கெல்லாம் எழுதின பிறகு சொன்னா?” குரல் தானாகவே உயர்ந்துவிட்டது.

“சொல்லியிருப்பேன். நீதான் கேக்காம எடுத்துட்டுப் போயிட்டியே.”

தம்பிக்காரர் வாக்குமூலத்தை மேஜைமேல் நேராக்கி வைத்தார்.

“டேய், நாப்பத்தி நாலு வருஷம் என் கையில இருந்த சாமான். மூடும்போது கடைசியில லேசாத் திக்கும். கட்டை விரலால இடது பக்கமா ஒரு தள்ளு தள்ளணும். நீ கொண்டுவந்து கொடுத்தது டக்குனு மூடிக்குச்சு. கீறலெல்லாம் பிரமாதமாப் போட்டிருந்தே. அதையும் சொல்லணும்.”

“அப்பவே கேட்டிருக்கலாமே…”

“என்னத்தைக் கேக்கிறது? எட்டு வயசுல அப்பனைப் பறிகொடுத்தவன். உனக்கு அவர் முகம்கூட நினைவிருக்காது. அப்பா பொருள்னு ஒண்ணு கையில இருக்கணும்னு ஆசை, வாய்விட்டுக் கேக்கக் கூச்சம், அதான் இப்படிப் பண்ணிட்டான்னு நினைச்சுக்கிட்டேன். அது அப்பா கத்தி இல்லைன்னு சொன்னா உனக்கு அதுவும் இல்லாமப் போயிடுமே. அதனால வாயை மூடிக்கிட்டேன். உங்க அண்ணிகிட்டகூட மூச்சு விடல.” அண்ணன் மேஜைமேல் இருந்த தாள்களைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். “நீ இந்தத் துளைக்காகவா எடுத்தே?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்தான், ஆனால் அண்ணன் அதை நம்பத் தயாராகத்தான் இருந்தார். நான்கு வருஷமாக நம்பி வந்ததுதானே அது. அண்ணன் பிரித்துப் போட்டிருந்த மிக்ஸியின் மோட்டாரையே தம்பிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, கையெழுத்துப் போடலைன்னா என்ன ஆகும்?” என்றார் அண்ணன். குரலில் கோபம் இல்லை. மிக்ஸிக்கு உதிரி பாகம் கிடைக்குமா என்று கேட்கிற குரல்.

“என் பேர் வராது. எழுதினது தப்புன்னு நானே எழுதிப் போடணும். சிரிப்பாங்க.”

“போட்டா?”

“புத்தகத்துல வரும்ணா.”

“பொய்ன்னு தெரிஞ்சே போடணும். அவ்வளவுதானே? அம்மாகிட்டயே பொய் சொன்னவன் நான். பேனா இருக்கா?”

இங்கேயாவது வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். தம்பிக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அண்ணன் கையில் கொடுத்தார்.

அண்ணன் கையெழுத்துப் போட்டார். தாளை மடிக்காமல் அப்படியே நீட்டினார். கட்டுரையையும் அதன்மேல் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அண்ணி டீயோடு வந்தாள்.

“டீயைக் குடிங்க தம்பி. கொஞ்ச நேரம் இருந்தீங்கன்னா சாப்பிட்டுட்டே போயிடலாம்.”

“அவனுக்கு வேலை இருக்கு” என்றார் அண்ணன்.

டீ சூடாக இருந்தது. பாதியில் வைத்துவிட்டுத் தம்பிக்காரர் எழுந்தார். அண்ணன் வாசல்வரை வந்தார். எப்போதும் போல ஒரு கையைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இனிமே வர்றதா இருந்தா போன் பண்ணிட்டு வா.”

“சரிண்ணா.”

கதவு சாத்தப்பட்டது. தம்பிக்காரர் பாதி மாடி இறங்கி, திருப்பத்தில் வெளிச்சம் விழுகிற இடத்தில் நின்று தாளைப் பார்த்தார். கையெழுத்து தெளிவாக இருந்தது. கீழே தேதி போடும் இடம்தான் காலியாகக் கிடந்தது. அண்ணன் மறந்துவிட்டார்.

அண்ணாந்து படிக்கட்டைப் பார்த்தார். பன்னிரண்டு படி ஏறினால் போதும். பிறகு தாளைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டு, அண்ணன் எழுதுகிற மாதிரியே ஏழின் நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டு, வலது பக்கம் லேசாகச் சாய்த்து, அன்றைய தேதியை எழுதினார். ஒரு அடி தள்ளி வைத்துப் பார்த்தார். யாராலும் கண்டுபிடிக்க முடியாது.