மதகடிக்குப் போன கண்ணகை

துறையடிப் புளியமரத்தில் அறைந்திருந்த ஆணியில் தன் கைத்தொலைபேசியைக் கொழுவிவிட்டு நல்லரத்தினம் தேத்தண்ணி ஆற்றத் தொடங்கினார். போன் அந்த ஆணியில் தொங்கினால்தான் அழைப்பு வரும். கடைக்குள் கொண்டுவந்து வைத்தால் அது நேரம் பார்க்க மட்டும்தான் உதவும்.

யுத்தம் நின்றுவிட்டது என்று நம்புவதற்கு எல்லோரும் ஆசைப்பட்ட வருடங்கள் அவை. வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில், தென்னைகளுக்கு மேலாகப் போன் கோபுரங்கள் எழும்பிவிட்டன. இந்தப் பக்கம், படுவான்கரையில், ஒன்றுகூட இல்லை. தண்ணீரைத் தாண்டி வந்து சேருகிற மிச்சசொச்சத்தை வைத்துக்கொண்டுதான் ஊர் வெளியுலகத்தோடு கதைத்தது.

இரண்டு கொம்பனிகளின் சிம் ஊரில் புழங்கியது. ஒன்றின் உறையில் கொக்குப் படம், மற்றதில் மணிப் படம். கொம்பனிகள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெரிய பெயர்களை யாரும் சட்டைசெய்யவில்லை. கொக்கு என்றும் மணி என்றும் சொன்னால் போதும், எல்லோருக்கும் விளங்கும். எது எங்கே பிடிக்கும் என்று கேட்டால் நல்லரத்தினத்தை மிஞ்ச ஆளில்லை. கொக்கு துறையடிப் புளியமரத்தில் நாலு கோடு காட்டும், கோயில் வீதியில் ஒன்று, மழை இருட்டினால் அதுவும் இல்லை. மணி துறையடியில் மூச்சே விடாது. ஆனால் ஊருக்கு வெளியே, வயல் வட்டை முடிகிற இடத்தில் உள்ள வாய்க்கால் மதகடிக்குப் போனால் அதுவும் பிடிக்கும். வயல்வெளிக்கு நடுவில் யார் போய் நின்று கதைப்பது? ஆகவே கொக்கே சிறந்தது என்பது அவருடைய தீர்ப்பு. ஊர் அதை ஏற்றுக்கொண்டு புளியமரத்தடிக்கு வந்து நின்றது.

மரத்தடியில் கதைக்க வேண்டுமென்றால் கத்த வேண்டும். பக்கத்திலேயே தேத்தண்ணி குடிக்க வருகிறவர்கள் குந்துகிற கடையின் இரண்டு வாங்குகள். கதைப்பவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் ஒரு சொல் தப்பாது. மறுமுனையில் இருப்பவரின் குரல் மட்டும் கேட்காது. அதற்கென்ன, அந்தக் குறையை வாங்கில் இருப்பவர்கள் தீர்த்துவைத்தார்கள். யோகராசா ஒருநாள் தம்பியிடம், "அத வித்துப்போட்டு வா" என்று சொன்னார். விற்கச் சொன்னது ஒரு கிடாய் ஆட்டை. பொழுதுபடுவதற்குள் அவர் வயலை விற்றுவிட்டதாக முடிவாகி, வாங்கியவருடைய பெயரும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

இந்தக் கைங்கரியத்தில் நல்லரத்தினத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பசியென்று வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. ஆனால் ஒரு கதை காதில் விழுந்தால் அதை அப்படியே வைத்திருக்க அவரால் ஏலாது. அடுத்த தேத்தண்ணியோடு சேர்த்து ஊற்றிக் கொடுத்துவிடுவார்.

அவருக்கும் ஒரு கவலை இருந்தது. அவருடைய ஒரே மகள் மங்கையற்கரசி வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். கிழமைக்கு ஒருதரம் போன் எடுத்துக் கதைத்துக்கொண்டிருந்தவள், இரண்டு மாதமாக எடுக்கவில்லை. மனைவி அன்னப்பூரணி கோயிலில் நேர்த்திக்கு மேல் நேர்த்தி வைத்தாள். நல்லரத்தினம் கொக்குக் கொம்பனியைத் திட்டினார். முன்பு போல் இப்போது கவரேஜ் இல்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அப்படிச் சொல்லும்போது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

அன்று பகல், பாலர் பாடசாலை விட்டு கண்ணகை கடையைக் கடந்து போனாள். அங்கே படிப்பிக்கிறவள். முப்பதை எட்டப்போகிறாள், இன்னும் கல்யாணமாகவில்லை, தாயோடு இருக்கிறாள். மங்கையற்கரசியும் அவளும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள்.

"என்ன புள்ள, மணி வாங்கியிருக்கியாம்," என்று நல்லரத்தினம் மறித்தார். "என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. கொக்கெண்டா இந்த மரத்தடியில நிண்டு கதைக்கலாம். மணிக்கு மதகடி வரைக்கும் நடக்கவேணும். அங்க ஒரு ஈ காக்கா இல்ல."

"தெரியும் மாமா. எனக்கு அதுதான் வசதி."

"அது சரி, மங்கைட போனையும் காணல்ல. நானும் மணிக்கு மாறினா எடுப்பாளோ?"

கண்ணகை நிலத்தைப் பார்த்தாள். "யோசிக்காதீங்க மாமா," என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறென்று வட்டைப் பக்கம் நடந்தாள். நல்லரத்தினத்துக்கு அது பிடிக்கவில்லை. ஈ காக்கா இல்லாத இடம் கல்யாணமாகாத ஒரு குமருக்கு ஏன் வசதி?

விடை இரண்டு நாளில் வந்தது. கொண்டுவந்தவர் இளையதம்பி, அவருடைய பால்யத் தோழர். வாய்க்காலில் தூண்டில் போடப் போனவர், கடை வாங்கில் வந்து குந்தியதும் குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், நான் பத்தைக்குப் பின்னால. அவ என்னக் காணல்ல. 'மர்சூக் நானா' எண்டு சொல்லிச் சொல்லிக் கதைக்கிறா. 'இஞ்ச ஒருத்தருக்கும் தெரியப்படாது' எண்டு சொன்னதையும் இந்தக் காதால கேட்டன்."

"மத்தப் பக்கம் என்ன சொன்னான்?"

"அது எனக்கு எப்பிடிக் கேக்கும்?"

"கேக்கத் தேவையில்ல," என்றார் நல்லரத்தினம். "மர்சூக் எண்டா முஸ்லிம் பேர்தானே. சோனக ஆள் ஒருத்தனோட ஓடப் போறா. தாய்க்குத் தெரியாம ஒழுங்கு நடக்குது. வேற என்னத்துக்கு மதகடிக்குப் போறா?"

இளையதம்பி கொண்டுவந்தது இரண்டே வசனம். அதை ஒரு முழுக்கதையாக்கியவர் நல்லரத்தினம்தான். அன்று தேத்தண்ணி குடித்த எல்லோருக்கும் அது கிடைத்தது. ஒரு கிழமைக்குள் நாலைந்து தாய்மார் பிள்ளைகளைப் பாலர் பாடசாலைக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். கண்ணகையின் தாய் கிணற்றடியில் தண்ணீர் அள்ளப் போனால் அங்கே பேச்சு நின்றுபோகும்.

கதை அத்தோடு நிற்கவில்லை. அந்த வருடம் சமாதானம் ஓரங்களில் கிழியத் தொடங்கியிருந்தது. அங்கே ஒருவரைச் சுட்டுவிட்டார்கள், இங்கே ஒருவரைக் காணவில்லை என்று நாளாந்தம் கேள்விப்பட்டார்கள். யார் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட காலத்தில், ஆளில்லாத இடத்தில் நின்று யாருக்கும் தெரியக்கூடாது என்று போனில் கதைக்கிற ஒருத்தியைப் பற்றிய கதை வாய்க்கு வாய் மாறி, கடைசியில் வேறொரு உருவம் எடுத்தது. அவள் யாருக்கோ தகவல் கொடுக்கிறாளாம். முதல் கதை ஒரு பெண்ணின் பேரைத்தான் கெடுக்கும், இரண்டாவது கதை ஆளையே இல்லாமற் செய்துவிடும்.

ஒருநாள் பகல் கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஊருக்குப் புதியவர்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கிற துணிவு யாருக்கும் வரவில்லை. வாங்கில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள்.

"மதகடியில நிண்டு போன் கதைக்கிற டீச்சர் ஆர்?" என்று ஒருவன் கேட்டான். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் நல்லரத்தினத்தைப் பயமுறுத்தியது.

"அது... அது ஒரு சின்னப் புள்ள தம்பி. பாலர் படிப்பிக்கிற."

"உங்களுக்கு எல்லாம் தெரியும் எண்டு சொன்னாங்க. விசாரிச்சு வையுங்க. நாளைக்கு வாறம்."

மோட்டார் சைக்கிளின் சத்தம் தேய்ந்து மறையும் வரை நல்லரத்தினம் அசையவில்லை. பிறகு அடுப்பில் கொதித்த தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு, ஆணியில் தொங்கிய போனையும் மறந்து, வரம்பு வழியே மதகடிக்கு ஓடினார். அறுபது வயதில் அவர் அப்படி ஓடி ஊர் பார்த்ததில்லை.

கண்ணகை மதகுக் கட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"புள்ள, இண்டைக்கே அம்மாவக் கூட்டிற்று டவுனுக்குப் போ. உன்னத் தேடி ஆக்கள் வந்திட்டாங்க."

"என்ன? நான் என்ன செய்த மாமா?"

"நீ தகவல் குடுக்கிறியாம் எண்டு கதை கட்டிட்டானுகள்."

"ஆர் கட்டினது?"

நல்லரத்தினத்துக்கு மூச்சு வாங்கியது. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. "நான்தான் புள்ள. நான் வேற மாதிரிக் கட்டினன். அது இப்பிடி வந்து நிக்குது," என்றார்.

கண்ணகை அழவில்லை, ஏசவுமில்லை. கையிலிருந்த போன் அடித்தது. எடுத்து, "மர்சூக் நானா, அவகிட்டக் குடுங்க," என்று சொல்லி, அதை அவரிடம் நீட்டினாள். "கதைங்க மாமா. உங்கட மகள்தான்."

நல்லரத்தினம் போனைக் காதில் வைத்தார்.

"அப்பா," என்றது மங்கையற்கரசியின் குரல். பக்கத்தில் நின்று கதைப்பது போல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

விட்டுவிட்டுச் சொன்னாள். வேலை செய்த வீட்டில் அடித்தார்கள். கையில் சூடு வைத்தார்கள். பொறுக்க முடியாமல் ஒருநாள் வெளியே ஓடி வந்துவிட்டாள். அதே தெருவில் சாரதியாக வேலை செய்த ஏறாவூர்க்காரர் மர்சூக் கண்டு, நம் நாட்டுப் பெண்களை வைத்துப் பார்க்கிற இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒவ்வொரு நாளும் வந்து தன் போனைக் கொடுத்துக் கதைக்க விடுகிறார். கடவுச்சீட்டு கிடைத்ததும் ஊருக்கு அனுப்பிவைப்பதற்கு அவர்தான் ஓடித்திரிகிறார்.

"ஏன் மகள் எனக்கு எடுக்கல்ல? போன் எந்த நேரமும் மரத்தில தொங்குதே. கொக்கு நல்லாப் புடிக்குதே."

"அதாலதான் எடுக்கல்ல அப்பா."

நல்லரத்தினம் மதகுக் கட்டில் குந்தினார்.

"வீட்ட விட்டு ஓடிட்டன் எண்டு நான் சொன்னா, 'ஓடிட்டியா' எண்டு நீங்க மரத்தடியில நிண்டு கத்துவீங்க. மிச்சத்த வாங்கில இருக்கிறவங்க சொல்லுவாங்க. நான் ஊருக்கு வந்து இறங்கக்குள்ள எனக்கு ஒரு புருசனும் ரெண்டு புள்ளையும் ஆக்கி வச்சிருப்பாங்க. நீங்களும் அதக் கேட்டுற்று வந்து அம்மாட்டச் சொல்லுவீங்க. அதுக்குத்தான் கண்ணகைய மணி வாங்கச் சொன்ன நான்."

ஆளில்லாத அந்த வெளியில் நல்லரத்தினம் வாய்விட்டு அழுதார். மகளுக்கு நடந்த கொடுமை ஒருபக்கம், அதைத் தன்னிடம் சொல்ல முடியாமல் அவள் இரண்டு மாதம் தவித்தது மறுபக்கம். எது கூட நோகிறது என்று அவருக்கே தெரியவில்லை. அழுது ஓய்ந்தபின் மோட்டார் சைக்கிள்காரர்களைப் பற்றிச் சொன்னார்.

"உன்ட கதைய வெளியில சொன்னாத்தான் இவளக் காப்பாத்தலாம் மகள். சொல்லவா, வேணாமா? நீ சொல்லு."

"சொல்லுங்க அப்பா," என்றாள் அவள் உடனே. "கண்ணகைக்கு ஒண்டு நடந்தா நான் எந்த முகத்தோட ஊருக்கு வாறது?"

அன்றே கண்ணகையையும் தாயையும் தோணியில் ஏற்றி எழுவான்கரைக்கு அனுப்பிவைத்தார். மறுநாள் மோட்டார் சைக்கிள் வந்தபோது வாங்கில் இருந்தவர்கள் எழும்பப் பார்த்தார்கள். "ஒருத்தரும் போகாதீங்க. இது எல்லாரும் கேக்கவேண்டிய கதை," என்று நல்லரத்தினம் தடுத்தார். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பிமார், அந்தப் புள்ள கதைச்சது என்ட மகளோட. மகள் வேலை செய்த வீட்டில அடிதாங்காம ஓடி வந்து, வேற இடத்தில இருக்கா. அவவக் காப்பாத்தினவர்தான் மர்சூக். நம்பிக்கை இல்லாட்டி அந்த நம்பருக்கு எடுத்து நீங்களே கேளுங்க. மத்தக் கதையெல்லாம் இந்தக் கடையில, என்ட வாயில பிறந்தது. விசாரிக்கிறதெண்டா என்ன விசாரியுங்க."

கேள்வி கேட்டவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நம்பரை வாங்கிக்கொண்டு வண்டியைத் திருப்பினான். அவர்கள் பிறகு அந்த ஊருக்கு வரவில்லை. கண்ணகை வாவியைக் கடந்து திரும்பி வந்தபோது பாலர் பாடசாலை வாசலில் தாய்மார் பிள்ளைகளோடு நின்றார்கள், சிலர் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாமல்.

ஆனால் அது பிறகு. அன்று, மோட்டார் சைக்கிள் கண்ணுக்கு மறைந்ததும், இளையதம்பி மெல்ல வாயைத் திறந்தார்.

"ஏன் மச்சான், மங்கை ஓடினது அடிக்குப் பயந்து மட்டும்தானா? இல்லாட்டி அந்த வீட்டுக்காரன்..."

"நிப்பாட்டு மச்சான்," என்றார் நல்லரத்தினம். குரல் உயரவில்லை. "அது அவட கதை. அவ வந்து சொன்னாக் கேள், சொல்லாட்டி விட்டிரு. போன்ல நாம கேக்கிறது ஒரு ஆள்ற பேச்சு. மத்த ஆள் என்ன சொன்னாரெண்டு நமக்குத் தெரியா. தெரியாததத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லித்தான் நான் ஒரு புள்ளைய உசிருக்குப் பயந்து ஓட வச்சன். என்ட சொந்த மகள், கையில சூடுபட்ட நேரத்தில அப்பனுக்கு ஒரு போன் எடுக்கப் பயந்திருக்காள். கேட்டது பாதியெண்டா பாதியோட நில்லுங்க. மிச்சத்த நாம கட்டப்படாது. நாம சும்மா குந்தியிருந்து கட்டுற கதை ஆர்ற வீட்டில போய் எரியுமெண்டு நமக்குத் தெரியா. நான் கட்டினது என்ட வீட்டிலயே வந்து எரிஞ்சுது."