மாமனார் கைக்குத் தப்பாத கார்

போன பொங்கலுக்குப் போடிக்கு வந்த மாப்பிள்ளை ராம்பிரசாத் வாயை அடக்கியிருக்கலாம். "வெறுமனே கழுவினா போதாது மாமா. கிளே பார்னு ஒரு களிமண் கட்டி இருக்கு. அதுல தேய்ச்சாத்தான் பெயிண்டுல ஒட்டின அழுக்கு வரும்" என்று வீடியோவில் பார்த்ததைத் தன் அனுபவமாக அளந்துவிட்டுப் போனான்.

இந்த முறை மாமனார் தங்கபாண்டியன் காரைக் கழுவி, களிமண் கட்டியோடு காத்திருந்தார். ஏலக்காயைத் தடவியே தரம் பிரிக்கிற வியாபாரி அவர். சொரசொரப்பு துல்லியமாகத் தெரியுமென்று கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை தேய்த்த இடத்தையெல்லாம் தடவிப் பார்த்தார்.

"இங்கன இன்னும் சொரசொரங்குது மாப்ளே."

காலையில் தொடங்கியது, பொழுது சாய்ந்தும் இரண்டு கதவுதான் தேறியிருந்தது. ராத்திரி சென்னை ரயிலைப் பிடித்தால்தான் நாளைக்கு ஆபீஸ். ராம்பிரசாத் கட்டியை நைசாக நழுவவிட்டான்.

"அடடா, கீழ விழுந்திருச்சே மாமா! இனி தேய்ச்சா மண்ணு கோடு போட்டுரும். தூரப் போட வேண்டியதுதான்." குரலில் இருந்த துக்கம் முகத்தில் இல்லை.

"அதுக்கென்ன? ஆத்தா ரோஜா, மாப்ளைக்கு வேற கொண்டா!"

அவன் மனைவி ரோஜா ஓர் அட்டைப்பெட்டியை மூச்சு வாங்கத் தூக்கிவந்து வைத்தாள். உள்ளே முழுக்கக் களிமண் கட்டிகள்.

"நீங்க சொன்னீகன்னு மொத்தமா வாங்கிப்புட்டேன்" என்றார் மாமனார். " தோட்டத்து ஜீப்பும் குரங்கணி மலையிலருந்து இறங்கிக்கிட்டு இருக்கு."

"மாமா... ரயிலு?"

"அது இன்னொரு நாளும் ஓடும்" என்று தங்கபாண்டியன் கவரை மாட்டிக்கொண்டு மூன்றாவது கதவுக்கு நகர்ந்தார்.