இருபத்து மூன்று உறைகள்

பகலின் வெம்மை முற்றும் தணியாமலும் மாலையின் தண்மை இன்னும் வந்து சேராமலும் பொழுது தயங்கி நின்ற பிற்பகல் மூன்று மணி. நாற்புறமும் ஊர்திகள் இரைந்தோடும் அகன்ற சாலைகளுக்கு நடுவே, வெண்சுவரும் நெடுங்கண்ணாடியும் கொண்டு ஓங்கி நின்ற தற்கால ஓவிய அருங்காட்சியகத்தின் மேல்மாடங்களில் மக்கள் கூட்டங்கூட்டமாய் உலவிக்கொண்டிருந்தனர். வெறுஞ்சிவப்பு மட்டுமே பூசிய ஆளுயரத் திரையின் முன் கைகட்டி நின்று தலையசைப்போரும், பக்கத்தில் நிற்பவருக்கு ஏதேனும் விளங்கிற்றா என்று ஓரக்கண்ணால் நோக்குவோரும், குளிர்காற்றுக்காகவே சீட்டு வாங்கி நுழைந்துவிட்டு அதை மறைக்கத் தெரியாமல் இருக்கையில் சாய்ந்து உறங்குவோருமாக அந்தக் கூடங்கள் நிறைந்திருந்தன. அவர்கள் காலடிக்குக் கீழே இரண்டு தளம் இறங்கினால், ஞாயிற்றின் ஒளி ஒருநாளும் எட்டிப் பாராத ஆவணக் காப்பகமும் அதனை ஒட்டிய ஆய்வு நூலகமும் இருந்தன.

நயமறிந்த நண்பரே, மேலே தொங்குவனவற்றைக் காண வருவோர் பல்லாயிரவர். கீழே கிடப்பனவற்றைத் தேடி வருவோரை ஒரு கைவிரல்களால் எண்ணிவிடலாம். ஆயினும் மேலுள்ளவை எல்லாம் யாருடையவை, எப்போது தீட்டப்பட்டவை, யாரால் முதலில் எள்ளப்பட்டவை என்பதற்கு விடை கீழேதான் உறங்குகின்றது. தண்டவாளத்தின் மேல் நகரும் இரும்பு அடுக்குகளில், சாம்பல்நிறப் பேழைகளுக்குள், ஒருவரை ஒருவர் ஏசி ஓவியர்கள் எழுதிய மடல்களும், யாரும் வராமற்போன கண்காட்சிகளின் அழைப்பிதழ்களும், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஓர் ஓவியத்தை ‘இடமில்லை’ என்று திருப்பியனுப்பிய குழுவினரின் கூட்டக் குறிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடங்கியிருந்தன. ஈரத்தை உறிஞ்சும் பொறியொன்று ஓயாமல் முனகிக்கொண்டிருக்க, அந்த முனகலே அங்குள்ள அமைதியாகிவிட்டது.

அந்த அமைதிக்குள் இருபத்தெட்டு ஆண்டுகளைக் கழித்திருந்தாள் காப்பாளர். ஐம்பத்தொன்பது அகவையை எட்டிவிட்ட அவளுக்கு ஓய்வுபெற இன்னும் ஒன்பது கிழமைகளே இருந்தன. முழங்காலில் வலி, கண்ணில் மங்கல், தாளின் நுண்தூள் படிந்து படிந்து தொண்டையில் நீங்காத கரகரப்பு. இவை எல்லாவற்றையும்விட, பிறருடைய வாழ்க்கையை எண்ணிட்டு அடுக்கி அடுக்கி வந்த களைப்பு அவள் எலும்புக்குள் இறங்கியிருந்தது. வீட்டுக்குப் போனால் தன் வீட்டு அலமாரியைத் திறக்கவும் அவளுக்குக் கை எழுவதில்லை. ஊரார் குப்பையை ஒழுங்குசெய்யும் தன் மனைவி வீட்டுக் குப்பையைக் கண்டுகொள்வதில்லை என்று கணவர் கேலி செய்வதும், அதற்கு அவள் சிரிக்காமலிருப்பதும் வழக்கம்.

அவ்வாண்டு அருங்காட்சியகம் ஒரு பெண் ஓவியருக்குப் பெருங்கண்காட்சி எடுக்க முனைந்திருந்தது. இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் மறைந்த அவ்வோவியர், தம் தாள்கள் அனைத்தையும் அருங்காட்சியகத்துக்கே எழுதிவைத்து, கால் நூற்றாண்டு கழியும்வரை வெளியார் எவரும் அவற்றைக் காணலாகாது என்றும் கட்டளையிட்டிருந்தார். அத்தடை நீங்கிய பின் முதன்முதலாக அவற்றைக் காண வந்தவள் ஓவியரின் தங்கை.

எழுபத்துநான்கு அகவையைக் கடந்த அம்மூதாட்டி, துணிப்பையை வெளியே வைக்கச் சொன்னபோது வைத்து, கைகழுவச் சொன்னபோது கழுவி, உட்காரச் சொல்லும்வரை நின்று, அதன்பின் படிப்பறை மேசையில் தன் முன் வைக்கப்பட்ட பேழையைச் சற்றுநேரம் தொடாமலே நோக்கியிருந்தாள். அதனுள் இருந்தவை அவளே தன் அக்காவுக்கு எழுதிய இருபத்தேழு மடல்கள். அன்னையைத் தனியாளாய்ப் பேணிச் சலித்திருந்த அவள், ஒருமுறையும் முறைக்கு வந்து நில்லாத அக்காவின் மேல் கொண்ட சினத்தால், அன்னை மறைந்த செய்தியை ஈமச்சடங்கெல்லாம் முடிந்த மறுநாள்தான் தெரிவித்தாள். அன்று முறிந்த பேச்சு மீளவில்லை. ஆண்டுக்கு இரண்டாகப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் எழுதினாள். ஒன்றுக்கும் மறுமொழி இல்லை.

உறைகளை ஒவ்வொன்றாய் எடுத்து அடுக்கியவள், திடீரெனக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டாள்.

“இந்த நாலும் பாருங்க, விரலை விட்டுக் கிழிச்சிருக்கா. எங்க அக்கா அப்படித்தான், பொறுமைங்கிறதே கிடையாது. ஆனா மிச்சத்தப் பாருங்கம்மா. எவ்வளவு நேரா வெட்டியிருக்கா. கத்தி எடுத்து, உக்காந்து, நிதானமாப் படிச்சிருக்கா.”

காப்பாளர் பேழையின் மூடியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“கோவம் ஆறியிருக்கு. நான் கேட்ட மன்னிப்பு அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. பதில் போடலேன்னா என்ன, படிச்சாளே. அது போதும் எனக்கு. இனிமே கண்ணை மூடினாலும் பரவாயில்ல.”

சொல்லிவிட்டு அவள் அழுதாள். நெடுநாள் அடைபட்ட குழாயில் முதலில் காற்றும் பின்பு நீருமாய் வருவதுபோல் விட்டுவிட்டு அழுதாள். அடுத்த மேசையில் இருந்த, அக்கண்காட்சியின் காட்சி அமைப்பாளர், முப்பத்தைந்தைத் தாண்டாத, எதையும் பார்த்தவுடன் உருகிவிடும் இயல்பினர், தம் குறிப்பேட்டை மூடிவிட்டு மூக்கை உறிஞ்சினார். காப்பாளர் மட்டும் சுவர்க்கடிகாரத்தை நோக்கியவாறு அமர்ந்திருந்தாள். அந்த இருபத்து மூன்று உறைகளையும் அத்துணை நேராக வெட்டியது அவளுடைய கை.

அது நிகழ்ந்த வகை இது. வேலைக்குச் சேர்ந்த முதலாண்டு. மூன்று கிழமைக்குள் ஓவியரின் தாள்களுக்குப் பட்டியல் எழுதித் தரவேண்டும் என்று அன்றைய தலைவர் கெடுவைத்திருந்தார். ஒட்டியபடி இருக்கும் உறையை உள்ளே என்ன உண்டென்று அறியாமல் பட்டியலில் ஏற்ற இயலாதாகையால், தாள்வெட்டும் கத்தியால் மேல்விளிம்பைச் சீராகத் திறந்து, படித்து, நாளைக் குறித்து, உறையின் பின்புறம் ‘இங்கு திறக்கப்பட்டது’ என்று கரிக்கோலால் சிறிதாய் எழுதிவைப்பதே அத்தொழிலின் முறை. அவள் திறந்தாள், படித்தாள், நாளைக் குறித்தாள். கரிக்கோல் குறிப்பை மட்டும் இருபத்து மூன்று தடவை எழுதச் சோம்பி, மாலையில் ஒருசேர எழுதிவிடலாம் என்று ஒதுக்கிவைத்தாள். மாலையில் வேறு பேழை வந்தது; மறுநாள் வேறு மாலை வந்தது. பேழை பூட்டுக்குள் போயிற்று. கொலையன்று, களவன்று, இரண்டே சொல் எழுதாத குற்றம். ஆனால் அவ்விரு சொல் இல்லாமையால் ஓவியர் படித்தவை நான்கே என்னும் உண்மை இவ்வுலகில் அவள் ஒருத்தியின் தலைக்குள்ளன்றி வேறெங்கும் இல்லாதொழிந்தது.

அன்று மாலை வீட்டில், தட்டில் இட்டது ஆறிக்கொண்டிருக்க, நடந்ததைக் கணவரிடம் சொன்னாள்.

“அந்தம்மா நிம்மதியா வீட்டுக்குப் போயிருக்காங்க. நீ எதுக்கு அதுல போய்க் கைய வெக்கிற?”

“ஏற்கெனவே வெச்சிட்டேனே. அதான் பிரச்சினையே.”

“இன்னும் ஒம்பது வாரம். பேசாம இருந்துட்டு வந்துடு. இருபத்தெட்டு வருஷம் நல்ல பேர் எடுத்துட்டு, கடைசியில நீயே கெடுத்துக்காத.”

அவர் சொன்னதில் பிழையொன்றும் அவளுக்குத் தென்படவில்லை. சோற்றைப் பிசைந்தபடி, பேசாமலிருப்பது எத்துணை எளிது என்றும், அந்த எளிமையே தன்னை அன்று கரிக்கோலைக் கீழே வைக்கச் செய்தது என்றும் எண்ணினாள். எண்ணவும் களைப்பாயிருந்தது.

நான்கு நாள் கழித்துக் காட்சி அமைப்பாளர் ஒரு தாளுடன் கீழே இறங்கி வந்தார். கண்காட்சியின் கடைசிக் கூடத்தில் அந்த உறைகளைக் கண்ணாடிக்குள் வைத்து, மேலே சுவரில் எழுதவேண்டிய ஆறு வரிகள் அதில் இருந்தன. தங்கையின் மடல்களை முதலில் சினத்தோடு கிழித்த கை, பின்னர் அன்போடும் அமைதியோடும் திறக்கக் கற்றுக்கொண்டது என்று அவ்வரிகள் கூறின. காப்பகச் சான்றுப்படி சரியே என்று காப்பாளர் கையொப்பமிட வேண்டும்.

“மேடம், கொஞ்சம் ஓவரா இருக்கா? இருந்தா சொல்லுங்க, அடைமொழியக் குறைச்சுக்கறேன்.”

“அடைமொழி இருக்கட்டும் தம்பி. அந்தக் கை யாரோடதுன்னு மாத்தணும்.”

அவர் விழித்தார். அவள் சொல்லி முடித்தபோது, அவர் முகத்தில் சினத்துக்கு முன்பாக ஏமாற்றமே தெரிந்தது. மிகவும் பிடித்த கதையைப் பாதியில் பறிகொடுத்தவரைப்போல் நின்றார்.

“தலைவர்கிட்ட சொல்லணும் மேடம். தப்பு உங்க பேர்லதான் போகும்.”

“போகட்டும். அதுக்கு முன்னாடி அந்தம்மாகிட்ட நான் சொல்லிடறேன். சுவத்தப் பாத்து அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது.”

அவர் போனபின், இருபத்து மூன்று உறைகளையும் எடுத்துப் பரப்பி, ஒவ்வொன்றின் பின்புறமும் இரு சொல்லையும் ஆண்டையும் தன் பெயரின் முதலெழுத்தையும் எழுதினாள். ஒரு நாழிகைகூட ஆகவில்லை. இதற்காகவா இருபத்தேழு ஆண்டு என்று தன்மேலேயே அவளுக்குக் கசப்பு மூண்டது.

தங்கை மறுநாள் வந்தாள். இம்முறை அவள் முகம் தெளிந்திருந்தது. நல்ல புடவை உடுத்தியிருந்தாள். கண்காட்சித் திறப்புக்குப் பேரப்பிள்ளைகள் அனைவரையும் அழைத்து வரலாமா என்று கேட்டுக்கொண்டே அமர்ந்தாள். அத்தெளிவைக் கண்டதும் காப்பாளருக்கு வந்த வழியே திரும்பிவிடலாம் என்று தோன்றியது. ஆயினும், எழுதியாகிவிட்ட உறைகள் மேசைமேல் இருந்தன. அவற்றைத் திருப்பிக் காட்டி, பிழையை அழகுபடுத்தாமலும் தன்னைத் தாழ்த்தி இரக்கம் தேடாமலும், நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

மூதாட்டி ஓர் உறையை எடுத்துக் கரிக்கோல் எழுத்தின்மேல் விரலை ஓட்டினாள். பொறி முனகிக்கொண்டிருந்தது.

“அப்போ அக்கா படிச்சது?”

“முதல் நாலு மட்டும்தாம்மா.” பின்பு, சொல்ல உண்மையாய் வேறொன்று இருந்தமையால், “ஆனா ஒண்ணையும் அவங்க தூக்கிப் போடல. எல்லாத்தையும் ஒரே கட்டா வெச்சிருந்தாங்க” என்றாள்.

“போடாம வெச்சிருந்தா. திறக்காமயும் வெச்சிருந்தா.”

தங்கை, கிழிந்த நான்கு உறைகளையும் தன் பக்கம் இழுத்து, அவற்றுள் இருந்த தாள்களை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் கை மெல்லத் தாழ்ந்தது.

“இதுல நான் அவகிட்ட சண்டைதான் போட்டிருக்கேன். நீ வந்தியா, நீ பாத்தியா, நான் ஒருத்திதானே கெடந்தேன்னு. நாலுலயும் அதே.” தாள்களைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். “மன்னிச்சுக்கோன்னு அஞ்சாவதுலதாம்மா எழுதினேன்.”

“தெரியும்மா” என்றாள் காப்பாளர். “நான் படிச்சேன்.”

மூதாட்டி நிமிர்ந்து அவளை நோக்கினாள். அந்நோக்கில் சினம் இருந்ததா, வேண்டுதல் இருந்ததா என்று பிரித்தறிய இயலவில்லை.

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள், மிகவும் தாழ்ந்த குரலில். “படிக்கறவங்களுக்கு, நான் நிஜமாத்தான் கேக்கறேன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதும்மா. அன்னைக்கு அதுக்கப்புறம் எனக்கு வேலையே ஓடல.”

தங்கை தலையை மட்டும் அசைத்தாள். அவள் அழவில்லை, முன்பு அழுத அழுகையின் பொருளே இல்லாமற்போனபின் புதிதாய் அழ அவளிடம் வலு இல்லை. உறைகளை அடுக்குவதில் காப்பாளருக்கு அவளும் கைகொடுத்தாள். ஒருத்தி எழுதியவள், மற்றவள் திறந்தவள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருபத்தேழையும் நாள் வரிசையில் வைத்து முடித்தனர்.

மன்னிப்பு என்பது கேட்கப்பட்டவரால் மட்டுமே கொடுக்கத்தக்கது. இடையில் அதைப் படித்துவிட்டவர் எத்துணை உருகினாலும் அதனைக் கொடுக்கும் உரிமை அவருக்கு வாய்ப்பதில்லை. ஐந்தாம் மடலின் சொற்கள், சேரவேண்டிய செவியைச் சேராமல், சம்பளத்துக்கு அமர்ந்திருந்த ஓர் அயலாளின் நெஞ்சில் போய் விழுந்து, இத்துணை ஆண்டும் அங்கேயே கிடந்தன. அவற்றை அவள் யாருக்குத் திருப்பித் தருவாள்? எழுதியவளிடமே அன்று திருப்பித் தந்தாள்; அவளும், வேறு வழியறியாது, பெற்றுக்கொண்டு படியேறிப் போனாள்.