சியாமோசாரஸின் குரல்

"பல்லு மட்டுந்தான் கெடச்சிச்சாம். அப்புறம் எப்படிம்மா அது கத்துனது ஒனக்குத் தெரியும்?"

மேனகா புத்தகத்தை விரித்தபடி நின்றாள். அதிகம் பேர் அறியாத ஒரு டைனோசரைப் பற்றி நாளை வகுப்பில் பேச வேண்டும். காலை ஷிப்ட் முடித்து வந்த அம்மா சாந்தினிதான் சியாமோசாரஸைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். சியாமில், அதாவது தாய்லாந்தில், கிடைத்த பற்களுக்கு வைத்த பெயர். முதலையுடையதைப் போன்ற கூம்புப் பற்கள், நெடுக வரிவரியாக. ஆற்றோரம் நின்று மீன் பிடித்துத் தின்றிருக்கும் என்கிறார்கள். இவ்வளவுதான் புத்தகத்தில் இருந்தது. முதுகு ரப்பர் தளிரின் செம்பு நிறம், இடிக்குப் பயப்படும், கூவினால் மூன்று தோட்டத்துக்குக் கேட்கும் என்பதெல்லாம் அதில் இல்லை.

மகளின் பையில் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த சாந்தினிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் அவள் நம்பியிருந்த விலங்கில் பாதி, அண்ணன் காளிதாசன் செய்தது. சின்ன வயதில் பள்ளி விட்டு ரப்பர் காட்டு வழியே வரும்போது, இருட்டிய திருப்பத்தில் அவள் கால்கள் நின்றுவிடும். அவன் கைகளை வாயருகே குவித்து அந்தக் குரலை எழுப்புவான். "நட, நம்ம ஆளுதான் வருது. மீன் மட்டுந்தான் திங்கும். ஒன்னயத் தின்னா அதுக்கு வயித்தாலதான் போவும்." அவள் சிரித்தபடியே திருப்பத்தைக் கடந்திருப்பாள்.

அப்பா இறந்த அன்று, மீன் சந்தையில் வேலை பார்த்த கோலா கெடாவிலிருந்து அவன் வந்து சேர்ந்தபோது இறுதிச் சடங்கெல்லாம் முடிந்திருந்தது. "இனிமே இந்தப் பக்கம் வராத" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். ஐந்து வருடமாயிற்று. அவன் எண்ணை மட்டும் அழிக்கவில்லை.

"மாமாவக் கேப்போமா?" என்றாள்.

"எந்த மாமா?"

சாந்தினி எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரைப் போட்டு, போனை மகளிடம் நீட்டினாள். மீன் சந்தையின் இரைச்சல் முதலில் வந்தது. பிறகு, "ஹலோ, யாரு?"

"மாமா, நான் மேனகா. சியாமோசாரஸ் எப்படிக் கத்தும்?"

கூடையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. 

"ஏன், ஒங்கம்மாவுக்கு மறந்துபோச்சா?"

"மறக்கல. அம்மா கத்துனா பூன மாதிரி இருக்கு."

"அம்மா பக்கத்துல இருக்காளா?"

மேனகா நிமிர்ந்து பார்த்தாள். சாந்தினி தலையசைத்தாள்.

"இருக்காங்க."

"அப்ப போனக் கொஞ்சம் தள்ளிப் பிடிலா. காது போயிரும்."

மேட்டில் திணறி ஏறும் ரப்பர் பால் லோரியைப் போல அது அடித்தொண்டையில் தொடங்கி உயர்ந்தது. அங்கே மீன் விலை கூவிய குரல்கள் ஒவ்வொன்றாய் அடங்கின. மேனகா போனைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். சாந்தினி மகளின் பள்ளிப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அந்தத் திருப்பத்தைக் கடக்கப்போகிறவளைப் போல ஒரு காலை முன்னே வைத்து நின்றிருந்தாள்.