ஆளுக்கொரு செம்பு

பள்ளிவாசல் கிணற்றில் யாரோ தண்ணீர் திருடுகிறார்கள்.

பிச்சை முகம்மது ராவுத்தருக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆயக்குடியில் கொய்யா மண்டி வைத்திருந்த அவர்தான் தெருப் பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லியும். கிணறு அவர் பொறுப்பு. ஐம்பத்திரண்டாம் வருஷம் அது. மழை பொய்த்து ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாய் வற்றிவிட, தெரு முழுவதற்கும் குடிதண்ணீர் அந்த ஒரு கிணறுதான். பார்த்துப் பார்த்து இறைத்தால் ஆடி மழை வரைக்கும் தாங்கும் என்று நினைத்திருந்தார். ஆனால் வாரம் தவறாமல் வாளிக் கயிற்றை நீட்டி முடிய வேண்டியிருந்தது.

பாங்கு சொல்லும் மோதினார் அப்துல் குத்தூஸ் கிணற்றடியிலேயே பாயை விரித்துக் காவல் இருந்தார். ஒரு ஆள் அகப்படவில்லை. தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டே போனது.

ராவுத்தரின் பார்வை பின்சுவரைத் தாண்டியது. சுற்றிலும் தோட்டங்கள் கருகிக் கிடக்க, அழகம்மாளின் கொய்யா மட்டும் பச்சை. போதாததற்குப் பூ வேறு.

அந்தத் தோட்டம் குடிப்பது என்ன தண்ணீர் என்று ஊருக்கே தெரியும். தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுகிறார்களே, ஒளு, அந்தக் கழிவுத் தண்ணீர். தெருவில் வீணாய் ஓடியதைத் தன் நிலத்துக்குக் கேட்டு வாங்கியவன் அவள் புருஷன் செல்லப்பாண்டி. சுவருக்கு அப்பால் மூன்று குழி வெட்டி, ஒன்றில் சரளை, அடுத்ததில் அடுப்புக்கரி, கடைசியில் ஆற்றுமணல் போட்டான். அழுக்கு அங்கே தங்கிவிட, தெளிந்தது கன்றுகளுக்குப் போயிற்று. கன்று மரமாகுமுன் அவன் காய்ச்சலில் போய்விட்டான். குழிகளை அள்ளிக் கழுவி, மரங்களை ஆளாக்கியவள் அழகம்மாள். ஒட்டன்சத்திரம் வியாபாரிகள், ஒளுக் கொய்யா வந்துருச்சா என்று கேலி பேசிக்கொண்டே கூடையைத் தூக்குவார்கள்.

அவளுக்கு வேறு நிலம் கிடையாது. ஆடியில் காய் இறங்கினால் பிழைப்பாள். மரம் பட்டுப்போனால், மலைமேல் வடகவுஞ்சியில் பூண்டுக் காட்டுக் கூலி.

வெள்ளிக்கிழமை காலை. தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். அவர்கள் காதில் விழும்படியே ராவுத்தர் சுவருக்கு அந்தப்பக்கம் நின்றவளைக் கேட்டார்.

"கை கழுவுன தண்ணிக்கா இம்புட்டுப் பூ? எப்ப வந்து இறைச்சுட்டுப் போறே, அழகம்மா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அழகம்மாள் மண்வெட்டியை எடுத்தாள். ராவுத்தர் ஓரடி பின்வாங்கினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. ஒளுத் தண்ணீர் வரும் வாய்க்கால் வாயில் மண்ணை வெட்டிப் போட்டு, காலால் மிதித்து இறுக்கினாள்.

"உங்க தண்ணி உங்ககிட்டயே கெடக்கட்டுங்க ராவுத்தரே. திருட்டுப் பட்டத்தோட என் மரம் குடிக்க வேணாம்."

அன்று ஜும்மா தொழுகை. வழக்கத்தைவிடக் கூட்டம். கிணற்றிலிருந்து இறைத்து நிரப்பிய தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஒளு செய்தார்கள். வெளியேற வழியில்லாத தண்ணீர் வடிகாலில் நிரம்பியது. கல்தளத்தில் ஏறியது. ராவுத்தரின் கணுக்காலைத் தொட்டது.

இத்தனை தண்ணீரா?

நிமிர்ந்து பார்த்தார். எதிரே இருந்தவர் ஒளுவை முடித்தார். எழுந்திருக்கவில்லை. பின்சுவரை ஒரு பார்வை பார்த்தார். இன்னொரு செம்பு மொண்டு, கழுவி முடித்த காலிலேயே நிதானமாக ஊற்றினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் ஊற்றினார். அதற்கடுத்தவரும்.

ராவுத்தர் தன் கையைப் பார்த்தார். அதிலும், எப்போது மொண்டாரோ, ஒரு செம்பு நிறைய. அவர் கால் எப்போதோ கழுவியாயிற்று.

மோதினார் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தப் பிள்ள மரத்துக்குப் போகட்டும்னு ஆளுக்கொரு செம்பு கூட ஊத்துறாக அண்ணே. நீங்களுந்தான். யாரும் யாருகிட்டயும் சொல்லிக்கிறதில்ல."

"ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

"நல்ல காரியத்தப் போயி எப்படிண்ணே கோள் சொல்றது?"

தொழுகை முடிந்ததும் ராவுத்தர் நேரே தோட்டத்துக்குப் போய், தன் கையாலேயே மண்ணை வாரி வாய்க்காலைத் திறந்துவிட்டார். அழகம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளிறியது. கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தவருக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"ஒரு வார்த்தை எங்காதுல போட்டிருந்தா, வேணாம்னு கும்பிட்டிருப்பேனேங்க" என்றாள். "ஊத்துறதைக் கொறச்சிருந்தா, ஆடி வரைக்கும் கெணறும் நின்னிருக்கும், மரமும் நின்னிருக்கும்ல."

அடுத்த வாரமே வாளி சேற்றோடு மேலே வந்தது. ஊறுகிற கொஞ்சத்தைப் பிள்ளைகள் குடிக்கவே வைத்துக்கொள்ளவேண்டிய நிலை. தண்ணீர் இல்லாவிட்டால் சுத்தமான மண்ணில் கை தட்டி முகத்திலும் கையிலும் தடவிக்கொண்டு தொழலாம், தயம்மும் என்பார்கள். இனி அதுதான் என்று ராவுத்தரே எழுந்து நின்று அறிவித்தார். பலர் பின்சுவர்ப் பக்கம் திரும்பாமலே வெளியேறினார்கள்.

திறந்த வாய்க்காலில் ஒரு சொட்டும் வரவில்லை. தெருப் பெண்கள் அரிசி களைந்த தண்ணீரைச் சிறு சட்டியில் கொண்டுவந்து ஊற்றினார்கள். அன்றைக்குச் சிரித்தவளும் வந்தாள். வெடித்த மண் அதை வாங்கிக்கொண்டதே தெரியவில்லை. முதலில் பூ கொட்டியது. பிறகு இலை. வைகாசி முடிவதற்குள் அழகம்மாள் கிளையை ஒடித்துப் பார்த்தாள். உள்ளே பச்சை இல்லை. விறகுக்கு வெட்டச் சொல்லிவிட்டாள்.

பூண்டு இறக்கிவிட்டு மலை திரும்பும் குதிரைக்காரர்களோடு அவள் கிளம்பிய காலையில், ராவுத்தர் ஊர் எல்லை வரைக்கும் வந்தார். தான் சொன்னதை மன்னிக்கச் சொன்னார்.

அழகம்மாள் தலைச்சுமையைச் சரிசெய்தாள்.

"நீங்க சொன்னதை நான் மறந்துருவேங்க. அத்தனை பேரும் எனக்குன்னு ஊத்துனாகளே, அதை எங்க கொண்டு போயி எறக்கி வைக்க?"

குதிரைக்காரன் வெரசா வரச்சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பி மலைப்பாதையில் ஏறினாள்.