மீனுக்குப் போகும் ஐஸ்

எங்கள் ஐஸ் கம்பெனியில் இரண்டு வகை ஐஸ் போடுகிறோம். ஜூஸ் கடைக்குப் போவது கண்ணாடி மாதிரி இருக்கும். மீனுக்குப் போவது வெள்ளையாகக் கலங்கியிருக்கும்; கிணற்றுத் தண்ணீர், வடிகட்டுவதில்லை. மீன் வந்து புகார் கொடுக்கவா போகிறது என்பார் மேஸ்திரி.

என் மகள் ஒன்றாம் வகுப்பு. ஒருநாள் அவள் டீச்சர் என்னைப் பள்ளி வாசலில் நிறுத்தினார். "நாளைக்குத் திடம், திரவம், வாயு சொல்லித் தரப்போறேன். பிள்ளைங்க தொட்டுப் பார்க்க ஒரு துண்டு ஐஸ் கொண்டு வருவீங்களா?"

பள்ளிக்கூடத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன்.

நல்ல ஐஸுக்கு மேனேஜரிடம் சீட்டு வாங்க வேண்டும். மீன் ஐஸ் உடைந்து தரையில் கிடக்கும். சீட்டில்லாமல் அதை எடுத்தாலும் வேலை போகும், ஆனால் யாரும் பார்ப்பதில்லை. ஒரு துண்டைக் கழுவிச் சாக்கில் சுற்றிக்கொண்டேன். போகிற வழியில் மகளிடம் மட்டும், "வாயில வெச்சுடாதே தங்கம், மீனோடது" என்றேன்.

டீச்சரிடம் சொல்லவில்லை. தொட்டுப் பார்க்கத்தானே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். சொன்னால் வேண்டாம் என்பாரோ என்ற பயம்.

ஜன்னலருகே நின்று பார்த்தேன். டீச்சர் பிள்ளைகளை நெருக்கி, கை கோத்து நிற்க வைத்தார். "இது திடம். யாரும் அசையக் கூடாது." கையை விட்டு, உரசிக்கொண்டே நடந்தால் திரவம். வாயு என்றதும் அறை முழுக்க ஓட்டம். ஒரு வாண்டு வெளியே வந்து, "டீச்சர், நான் கதவு வழியா போயிட்டேன்" என்றது. சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

மறுநாள் பதினொரு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு.

"எல்லாரும் நக்கினாங்கப்பா. நான் மட்டும் நக்கல" என்றாள் மகள், பெருமையாக.

மூன்றாம் நாள் பள்ளிக் கதவில் ஒரு தாள். நாற்பது வயதில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவன் நான். விரல் வைத்துப் படித்தேன். பிள்ளைகளின் நோய்க்குக் காரணம் குடிநீர்ப் பானை சுத்தமில்லாததே; அதைக் கவனிக்கும் பள்ளி ஆயா வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். படிக்கத் தெரியாத காலமென்றால் தாண்டிப் போயிருப்பேன்.

படித்த பிறகும் இரண்டு நாள் தாண்டித்தான் போனேன். என் வேலை போய்விடுமே. பிள்ளைகள் தேறிவிட்டார்களே என்று சமாதானம் வேறு. அந்தத் தாளைப் பார்க்காமல் குனிந்துகொண்டே போனேன்.

ஆறாம் நாள் தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதித் தரச் சொன்னார். ஒன்றரைப் பக்கம். அதை இரண்டு முறை படித்துவிட்டு, "நாளைக்கே ஆயாவை வரச் சொல்றேன்" என்றார்.

நேரே ஆயாம்மா வீட்டுக்குப் போனேன். கூலிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் முடிக்கும்வரை நிமிரவில்லை.

"உன் பொண்ணுகிட்ட சொல்லத் தெரிஞ்சுது, இல்ல?"

"தப்புதாம்மா."

"பச்சப் பிள்ளைங்களுக்கு நோவு குடுத்தவன்னு இந்தத் தெருவே பேசுது. எங்கிட்ட வந்து அழுதா ஆச்சா? அங்க போய்ச் சொல்லு."

தெருக்குழாயில் ஆறேழு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அவர்களிடம் போனேன்.

"அக்கா, ஆயாம்மா பானையில ஒரு குறையும் இல்ல. கெட்ட ஐஸ் கொண்டு வந்தது நான்தான்."

ஒருத்தி குழாயை மூடினாள். "சத்தமா சொல்லு, கேக்கல."

முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.