உப்புப் போட்ட கஞ்சி

எழுபத்தொன்று டிசம்பரில் வங்காளத்துச் சண்டையில் ஜெயித்த சேதி வந்த அன்று, என் வீட்டுக்காரர் மருதையன் திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் மாட்டுவண்டி மேல் ஏறி நின்று அந்தப் போரை ஆதரித்துப் பேசினார். வீடு கொளுத்தப்பட்டு விரட்டப்பட்ட ஏழைகளுக்காக நடந்த போர் என்றார். கடைத்தெருவே கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் பக்கம் செத்தாலும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைதானே?

அந்தப் பேச்சு தை மாதம் அவர் தலையிலேயே விடிந்தது. கூலி உயர்வு கேட்டு எங்கள் சங்கம் அறுப்பை நிறுத்தியிருந்தது. இவர்தான் சங்கத் தலைவர். மிராசுதார் சீர்காழிப் பக்கத்திலிருந்து அறுப்புக்கு ஆள் இறக்கிக் களத்துக் கொட்டகையில் தங்கவைத்தார். சங்கத்து இளவட்டம் இளையபெருமாள் கம்போடு எங்கள் வாசலில் வந்து நின்றான்.

“வாங்கண்ணே, நீங்க முன்னால நடங்க. வெளியாளை அடிச்சு விரட்டிடுவோம்.”

“அடிதடி வேணாம்டா.”

“அன்னைக்கு வண்டி மேல ஏறிக் கத்துனீங்களே? வங்காளத்துல எவனோ சாகலாம், இங்க உங்க மேல ஒரு கீறல் படக் கூடாதா?”

அவர் முகம் சுண்டிவிட்டது.

“அந்தச் சண்டை சரின்னு இப்பவும் சொல்றேன். அதுக்காக எல்லாச் சண்டைக்கும் நான் ஆளா? இவங்க நம்ம வீட்டைக் கொளுத்தவா வந்தாங்க? வயித்துப்பாட்டுக்கு வந்தவங்கடா. நான் போய்ப் பேசறேன். முடியலைன்னா வேற தலைவனைப் பாத்துக்குங்க.”

விடியற்காலை நாங்கள் இருவரும் கஞ்சிப் பானையோடு கொட்டகைக்குப் போனோம். வேலைநிறுத்தம் நடப்பதை வந்தவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பசியில் மடக்மடக்கென்று குடித்தார்கள். குடித்து முடித்த பிறகுதான் இவர் விஷயத்தைச் சொன்னார்.

அவர்களில் மூத்தவரான கண்ணுசாமி குவளையைக் கீழே வைத்தார்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே. உப்பைத் தின்னுட்டோம், இனி உங்க வயித்துல அடிச்சு எப்படி அறுக்கறது? கம்போட வந்திருந்தா நாங்களும் எதுத்து நின்னிருப்போம். இப்படிக் கையைக் கட்டிட்டீங்களே. எங்க புள்ளைங்களுக்கு என்னத்தக் கொண்டுபோறது?”

அவர்கள் அரிவாள்களைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறப் போனார்கள். இளையபெருமாள் சந்தோஷத்தில் இவரைத் தோளில் தூக்கப் பார்த்தான். இவர் அவன் கையைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

கூலி பேசி முடிந்ததும், மேற்கு வயல் அறுப்பைக் கண்ணுசாமி ஆட்களுக்கு விட வேண்டும் என்று இவர் சங்கத்தில் பிடிவாதமாக நின்றார். நம் வேலையைத் தூக்கிக் கொடுப்பதா என்று இளையபெருமாள் எகிறினான். ஆளாளுக்குக் கத்தினார்கள். சண்டை என்றாலே காதைப் பொத்திக்கொள்கிற நான், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து, என் வீட்டுக்காரர் பக்கம் போய் நின்றேன்.